பழைய எண்ணெய்க் கிணற்று நிலத்தைச் சுத்தம் செய்யும் தகராறு: சமரசப் பேச்சை எங்கிருந்து தொடங்குவது?

ஓரக்கால்:

நிலவரம் இப்படி. 16 ஹெக்டேர் நிலம். அதில் மூடப்பட்ட மூன்று எண்ணெய்க் கிணறுகள், அடியில் விரிப்பு போடாத இரண்டு மண்குழிகள், ஒரு டேங்க் தளம். வேலை முடிந்ததும் நிலத்தை இயன்றவரை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதைத் தவிர, சுத்தம் செய்வது பற்றிக் குத்தகைப் பத்திரத்தில் வேறு ஒன்றும் இல்லை. குத்தகை மூன்று கம்பெனிகளிடம் கைமாறியிருக்கிறது.

நிலத்துக்காரர் தரப்பு நிபுணர் 1,20,000 கன மீட்டர் மண்ணை எடுக்க வேண்டும் என்கிறார். கம்பெனித் தரப்பு நிபுணருக்கு அது 3,600 கன மீட்டர். வழக்கு சமரசத்துக்குப் போயிருக்கிறது, ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு நாள்.

33 மடங்கு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பயன் உண்டா? தீர்வு பணமாக இருக்க வேண்டுமா, வேலையாக இருக்க வேண்டுமா? ஒப்பந்தத்தில் எதை விட்டுவிட்டால் பின்னால் கழுத்தைப் பிடிக்கும்? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

மண்சோதனை:

33 என்ற எண்ணைப் பார்த்து மலைக்காதீர்கள், அதை உடைத்துப் பாருங்கள். கன அளவு என்பது பரப்பை ஆழத்தால் பெருக்குவது, அவ்வளவுதான். 3,600 என்பது அநேகமாக 60க்கு 40 மீட்டர் குழி, 1.5 மீட்டர் ஆழம். 1,20,000 என்பது 2 ஹெக்டேர், 6 மீட்டர் ஆழம். அதாவது ஒருவர் எண்ணெயைத் தோண்டுகிறார், இன்னொருவர் உப்பைத் தோண்டுகிறார். இரண்டு பேரும் ஒரே மண்ணைப் பற்றிப் பேசவே இல்லை.

பழைய கச்சா எண்ணெய் களிமண்ணில் அதிக தூரம் நகராது. குழியின் அடியிலும் ஓரத்திலும் கருப்பாக, தார் போலப் படிந்து கிடக்கும். கிணற்றிலிருந்து எண்ணெயோடு வரும் உப்புநீர் அப்படி இல்லை. குளோரைடு மண்ணில் ஒட்டாது, தண்ணீர் போகிற பக்கமெல்லாம் போகும். அதனால் உப்பின் பரப்பு எப்போதும் எண்ணெயின் பரப்பைவிடப் பெரிது. முதல் கூட்டத்திலேயே இந்த இரண்டையும் தனித்தனி வரைபடத்தில் போடச் சொல்லுங்கள். பாதிச் சண்டை அங்கேயே குறைந்துவிடும்.

அடுத்தது எந்த அளவுகோல் என்ற கேள்வி. அமெரிக்காவில் லூசியானா மாநிலம் எண்ணெய் வயல் கழிவுக்கு வைத்திருக்கும் 29-பி உத்தரவை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். குழி மூடும்போது மேட்டு நிலத்துக்கு மின்கடத்துத்திறன் (மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டுவது) 4, சோடியம் ஈர்ப்பு விகிதம் (கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு என்பது) 12, மாற்றத்தக்க சோடியம் (களிமண்ணில் ஒட்டி நிற்பது) 15 சதவீதம், எண்ணெய்-கிரீஸ் எடையில் 1 சதவீதம் என்று அது வரம்பு வைக்கிறது. சற்று உயர்ந்த ஈரநிலத்துக்கு அதே உத்தரவு 8, 14, 25 சதவீதம் என்று தளர்த்துகிறது. நிலத்தை எந்த வகையில் சேர்ப்பது என்பது மாறினாலே கன அளவு பல மடங்கு மாறும். உங்கள் இரண்டு நிபுணர்களும் எந்த எண்ணை வைத்துக் கோடு போட்டார்கள் என்று கேளுங்கள். ஒருவர் பின்னணி அளவு, அதாவது மாசுபடாத பக்கத்து மண்ணில் இயல்பாக இருக்கும் அளவு, வரைக்கும் போயிருப்பார், இன்னொருவர் வேரின் ஆழத்தோடு நின்றிருப்பார்.

லேப் அறிக்கையிலும் ஒளிந்திருக்கும் வித்தியாசங்கள் உண்டு. எண்ணெய் அளவு ஈர எடைக்கா, உலர் எடைக்கா? மண்ணில் 30 சதவீதம் ஈரம் இருந்தால், ஈர எடையில் 7,700 மி.கி./கி.கி. காட்டும் மண் உலர் எடையில் 11,000. வரம்பு 10,000 என்றால் ஒரே சாம்பிள் ஒரு அறிக்கையில் தேறும், இன்னொன்றில் தோற்கும். மின்கடத்துத்திறனை நிறைவுற்ற மண்குழம்பில் எடுத்தார்களா, ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்த கரைசலில் எடுத்தார்களா? இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடவே கூடாது, பல மடங்கு வேறுபடும். மக்கு அதிகமான சதுப்பு மண்ணில் சிலிக்கா ஜெல் வழியாக வடிக்காமல் எண்ணெய் அளந்தால், அழுகிய இலையும் வேரும்கூட பெட்ரோலியக் கணக்கில் சேரும். பேரியம் விஷயமும் இதே மாதிரிதான். துளையிடும் சேற்றில் போடும் பேரைட், தண்ணீரில் கரையாத பேரியம் சல்பேட். மொத்த பேரியம் பயமுறுத்தும் எண்ணாக வரும். ஆனால் கரையக்கூடிய பேரியம் எவ்வளவு என்று தனியாகப் பார்க்காமல் அதற்கு மண் எடுப்பது வீண்.

பெரிய தோண்டல் கேட்பவரிடம் இன்னொன்றைக் கேளுங்கள்: கரை சரியாமல் இருக்கச் சரிவு விட்டுக் கணக்குப் போட்டாரா? 6 மீட்டர் ஆழத்துக்கு ஒன்றுக்கு ஒன்றரை என்ற சரிவு விட்டால் ஒவ்வொரு பக்கமும் 9 மீட்டர் வெளியே போகும். 2 ஹெக்டேர் சதுரத்துக்கு நான்கு பக்கமும் சேர்த்து 15,000 கன மீட்டருக்கு மேல் நல்ல மண்ணும் சேர்ந்து வரும். தோண்டி எடுத்த மண் இளகிக் கன அளவில் கால்வாசி கூடும். 1,20,000 என்பது லாரியில் 1,50,000 ஆகிவிடும். லாரிக்கு 12 கன மீட்டர் என்றால் 12,500 நடை, நாளைக்கு 60 நடை ஓடினாலும் 200 நாளுக்கு மேல். அதே அளவு நல்ல மண் திரும்பி வர வேறெங்கோ அதே அளவு குழி விழும். நிலத்துக்காரர் இதைத் தாளில் பார்த்திருக்கவே மாட்டார்.

கம்பெனி நிபுணரும் தப்ப முடியாது. "தோண்ட வேண்டாம், ஜிப்சம் போட்டு மழையில் கழுவிவிடலாம், ஒரு வருடம் போதும்" என்பார். ஜிப்சத்தில் உள்ள கால்சியம்தான் களிமண்ணில் ஒட்டிய சோடியத்தை வெளியே தள்ளும். 30 செ.மீ. ஆழ மண்ணில் கிலோவுக்கு 1 சென்டிமோல் (சோடியத்தை எண்ணும் வேதியியல் அலகு) அளவை வெளியேற்ற ஹெக்டேருக்கு ஏறத்தாழ 4 டன் ஜிப்சம் வேண்டும். 5 சென்டிமோலை 90 செ.மீ. ஆழம் வரை வெளியேற்ற 60 டன், 2 ஹெக்டேருக்கு 120 டன். ஒரு சதுர மீட்டருக்கு 6 கிலோ வருகிறது. லிட்டர் தண்ணீரில் ஜிப்சம் சுமார் 2.5 கிராம்தான் கரையும். ஆக அதைக் கரைத்துக் கீழே இறக்க சதுர மீட்டருக்கு 2,400 லிட்டர், அதாவது 2.4 மீட்டர் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வேண்டும். சோடியம் மிகுந்த மண்ணில் கொஞ்சம் கூடுதலாகக் கரையும் என்று வைத்தாலும், ஓடிப்போவதும் ஆவியாவதும் கழித்தால் ஒரு வருட மழையில் நடக்கிற காரியம் இல்லை. அதோடு ஜிப்சம் போடாமல் முதலில் நல்ல தண்ணீரை விட்டுவிட்டால் கரைந்த உப்பு போகும், களிமண்ணில் ஒட்டிய சோடியம் நிற்கும், களிமண் கலைந்து மேற்பரப்பு சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். அப்புறம் தண்ணீர் கீழே இறங்கவே இறங்காது. வரிசை முக்கியம். கழுவிய உப்பு எங்கே போகும் என்பதற்கும் பதில் வேண்டும். அடியில் வடிகால் குழாய் இல்லாமல், நிலத்தடி நீர் 1.5 மீட்டரிலேயே நின்றால் கோடையில் உப்பு மறுபடி மேலே ஏறிவிடும்.

கோப்புக்கட்டு:

மேலே சொன்னதெல்லாம் சமரச நாளில் பேசுகிற விஷயம் அல்ல, அதற்கு முன் முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஒரு நாளை வைத்துக்கொண்டு காலை 10 மணிக்கு ஆரம்பித்தால், மாலை 5 மணிக்கு நிபுணர்கள் இன்னும் ஆழத்தைப் பற்றியே வாதாடிக்கொண்டிருப்பார்கள். இரண்டு கட்டமாக நடத்த வேண்டும் என்று சமரசரிடம் இப்போதே கேளுங்கள்.

முதல் கட்டத்தில் நிபுணர்கள் மட்டும். வழக்கறிஞர்கள் உட்காரலாம், பேசக் கூடாது. மண் வேதியியலும் நிலத்தடி நீரும் தெரிந்த ஒரு நடுநிலை நிபுணரைச் சமரசரோடு உட்கார வையுங்கள், செலவு பாதிப் பாதி. கூட்டம் முடிந்ததும் ஒரே ஒரு பக்கம் வெளியே வர வேண்டும்: எதில் ஒத்துப்போகிறோம், எதில் இல்லை, ஏன் இல்லை, எந்தத் தரவு கிடைத்தால் அந்த வித்தியாசம் தீரும். கடைசிக் கேள்விதான் முக்கியம். எந்தத் தரவு வந்தாலும் தீராது என்று சொல்கிற வித்தியாசம் அறிவியல் சம்பந்தப்பட்டது அல்ல, பத்திரத்தின் அந்த ஒரு வரிக்கு என்ன பொருள் என்பது. அதைத் தனியாக வையுங்கள்.

பிறகு கூட்டுச் சாம்பிள். உப்புக்கு முதலில் மின்காந்த அளவியை வைத்து நிலம் முழுக்க நடந்துவிடுங்கள். ஈஎம்-31 என்ற மாடல் ஏறத்தாழ 6 மீட்டர் ஆழம் வரை காட்டும், ஈஎம்-38 சுமார் 1.5 மீட்டர். இரண்டையும் ஓட்டினால் உப்பு மேலே இருக்கிறதா, கீழே இறங்கிவிட்டதா என்று தெரியும். புதைந்த குழாயும் கம்பிவேலியும் அளவைக் கெடுக்கும், அவற்றை முன்பே வரைபடத்தில் குறியுங்கள். அதைப் பார்த்துவிட்டு மண் எடுக்கத் துளை போடுங்கள்: குழிக்குள் நாலைந்து, விளிம்பிலிருந்து 5, 15, 30 மீட்டர் என்று வெளியே ஒரு வரிசை, நீரோட்டத்தின் மேல்பக்கம் அதே மண்வகையில் பின்னணிக்குக் குறைந்தது மூன்று. பின்னணி இடத்தை எந்தத் தரப்பும் தனியாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பழைய குழாய்ப்பாதைமேல் பின்னணி எடுத்துவிட்டு மாதக்கணக்கில் சண்டை போடுவது சகஜம்.

சாம்பிளை இரண்டாகப் பிரிப்பதிலும் கவனம் வேண்டும். உப்புக்கும் உலோகத்துக்கும் மண்ணை நன்றாகக் கலந்து பிரிக்கலாம். பென்சீன் மாதிரி ஆவியாகிறவற்றுக்குக் கலக்கவே கூடாது, துளையிலிருந்து வந்த மண்ணில் அருகருகே இரண்டு தனிச் சாம்பிள் எடுக்க வேண்டும். 4 டிகிரி குளிர், 14 நாள் கெடு. அது தாண்டினால் எதிர்த்தரப்பு முதலில் கேட்கும் கேள்வியே அதுதான். இரண்டு லேப் முடிவும் எத்தனை சதவீதம் விலகினால் மூன்றாவது லேப், அந்த மூன்றாவது எது என்பதை மண் எடுக்கும் முன்பே எழுதிவிடுங்கள்.

ரகசியம் பற்றி ஒரு எச்சரிக்கை. சமரச அறையில் பேசியது வெளியே போகாது என்பதை நம்பிப் பலர் தரவையும் ரகசியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பேச்சுக்கும் முன்மொழிவுக்கும்தான் பாதுகாப்பு. மண்ணில் இருப்பது மண்ணில் இருக்கிறது. நிலத்தடி நீரில் வரம்பு மீறிய அளவு தெரிந்துவிட்டால் அரசுத் துறைக்குத் தெரிவிக்கும் கடமை வரலாம், அதை எந்த ஒப்பந்தத்தாலும் தடுக்க முடியாது. கூட்டுச் சாம்பிள் ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு பத்தி கட்டாயம் வேண்டும்: முடிவுகளை வழக்கில் பயன்படுத்தலாமா, யார் எப்போது தெரிவிப்பது.

அந்த அரசுத் துறை தகராறில் ஒரு தரப்பு இல்லைதான். ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட திட்டத்தை நிராகரிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. கூப்பிட்டால் வந்து பார்வையாளராக உட்காருவார்கள். வரமாட்டார்கள் என்றால் திட்டத்தின் சுருக்கத்தைக் காட்டி அபிப்பிராயம் வாங்கிக்கொண்டு பிறகு விலைபேசுங்கள்.

ஓரக்கால்:

மிக்க நன்றி. உப்பா எண்ணெயா என்ற கோணத்தில் யாரும் இதுவரை பார்க்கவில்லை. இன்னும் இரண்டு சந்தேகம். மூன்று கம்பெனிகளும் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள். முதல் கம்பெனி, விற்பனைப் பத்திரத்தில் பொறுப்பெல்லாம் வாங்கியவருக்கே என்று எழுதியிருக்கிறது என்கிறது. அவர்களுக்குள் பங்கு பிரியாமல் மொத்தத் தொகை பேச முடியுமா? சுத்தம் செய்யப் பணம் கொடுத்துவிட்டால் நிலத்துக்காரர் சுத்தம் செய்யாமல் விட்டுவிடுவார் என்றும் அவர்கள் சொல்கிறார்கள்.

பங்குக்கணக்கு:

பங்குப் பிரிப்பை நிலத்துக்காரர் முன்னால் வைத்துப் பேசாதீர்கள். மூன்று கம்பெனிகளுக்கும் தனியாக ஒரு அமர்வு, முடிந்தால் வேறு ஒரு நாள், முன்கூட்டியே. இறுதிச் சதவீதம் அன்றைக்கே வேண்டியதில்லை. "இந்தத் தீர்வுக்கு மட்டும் தற்காலிகமாக இந்த விகிதத்தில் போடுகிறோம், எங்களுக்குள் வழக்கு நடத்தும் உரிமை அப்படியே இருக்கிறது" என்று ஒரு பக்க ஒப்பந்தம் போட்டால் போதும், மொத்தத் தொகை நகரும்.

விகிதத்துக்கு அளவுகோல் என்று வந்தால் ஆண்டுக் கணக்கு நியாயமாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் தப்பாகப் போகும். எண்ணெய் வற்ற வற்ற உப்புநீர் கூடும். கடைசியில் வந்தவர் சில வருடமே இருந்திருந்தாலும் அதிக உப்புநீரைக் கையாண்டிருக்கலாம். அதே சமயம் அவர் காலத்தில் அது குழிக்குப் போகாமல் ஆழக் கிணற்றில் திருப்பிச் செலுத்தப்பட்டிருக்கலாம். எனவே மூன்று தேதி தேடுங்கள்: குழி எப்போது திறந்தது, உப்புநீர் குழிக்குப் போவது எப்போது நின்றது, குழி எப்போது மூடப்பட்டது. பழைய விமானப் படங்களை வரிசையாக வைத்தால் குழியின் வயது ஏறக்குறைய தெரிந்துவிடும். மாதாந்தர உற்பத்தி அறிக்கையில் தண்ணீர் அளவு இருந்தால் அதையும் எடுங்கள்.

விற்பனைப் பத்திரத்தில் உள்ள பொறுப்பேற்பு வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையில் உள்ளது. நிலத்துக்காரர் அதில் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே முதல் கம்பெனி வாசலிலேயே விலகிவிட முடியும் என்று தானாகச் சொல்ல முடியாது. வாங்கியவர் பணம் இல்லாதவர் என்றால் அந்தப் பொறுப்பேற்புக்குத் தாளின் விலைதான்.

காப்பீட்டுக்காரரை மறந்துவிடாதீர்கள். பழைய பாலிசிகள் சேதம் நடந்த ஆண்டை வைத்து வேலை செய்யும், இன்றைய பாலிசி அல்ல. காப்பீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் தீர்த்துக்கொண்டால் பணம் வராமல் போகும் நிபந்தனை பலவற்றில் உண்டு. சமரச அறையில் "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்கிற ஆள் இருந்தால் அந்த நாள் போச்சு. தொகைக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர் யார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசி நேரத்தில் முட்டிக்கொண்டால் சமரசரின் முன்மொழிவு கைகொடுக்கும். ஒரே தொகையும் ஒரே திட்டமும் எல்லாத் தரப்புக்கும் தனித்தனியாகப் போகும், ஆம் அல்லது இல்லை மட்டும் பதில். எல்லோரும் ஆம் என்றால்தான் வெளியே சொல்வார். ஒருவர் இல்லை என்றாலும் மற்றவர் ஆம் சொன்னது யாருக்கும் தெரியாது, அதனால் ஆம் சொல்வதில் நஷ்டமில்லை. ஆனால் ஒன்று, இதைச் சீக்கிரம் பயன்படுத்திவிட்டால் அப்புறம் கையில் ஒன்றும் மிஞ்சாது.

கோப்புக்கட்டு:

பணம் வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடுவார் என்ற பயம் புதிதல்ல. நிலத்துக்காரர்கள் எண்ணெய்க் கம்பெனிமேல் போட்ட கோர்பெல்லோ வழக்கில் 2003ல் லூசியானா உச்ச நீதிமன்றம், சுமார் 1,08,000 டாலர் மதிப்புள்ள நிலத்துக்கு 3.3 கோடி டாலர் சீரமைப்புத் தொகையை உறுதி செய்தது. அதை நிலத்தில்தான் செலவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதன் எதிரொலியாக 2006ல் வந்த சட்டம் 312, சீரமைப்புப் பணத்தை நீதிமன்றக் கணக்கில் கட்டவைத்து, துறை ஏற்ற திட்டத்துக்கே செலவாகும்படி செய்தது. உங்கள் ஒப்பந்தத்திலும் இதே வடிவத்தைத் தனியார் முறையில் போடலாம்: சுத்தம் செய்யும் தொகை எஸ்க்ரோ கணக்கில் (நிபந்தனை நிறைவேறும் வரை மூன்றாவது ஆள் வைத்திருக்கும் கணக்கு), சேதத்துக்கான தொகை நேராக நிலத்துக்காரருக்கு. இரண்டையும் ஒரே மொத்தமாகக் கலக்காதீர்கள்.

நைஜீரியாவின் போடோவில் 2008ல் நடந்த இரண்டு கசிவுகளுக்கு 2015 ஜனவரியில் ஷெல் தரப்பு 5.5 கோடி பவுண்டு நஷ்டஈட்டுக்கு ஒத்துக்கொண்டது. சுத்தம் செய்வதற்குத் தனியாக ஒரு சமரசக் குழு. அங்கே மக்கள் தரப்பு செய்த புத்திசாலித்தனம், சுத்தம் சம்பந்தப்பட்ட வழக்கை முடித்துக்கொள்ளாமல் நிறுத்திவைத்தது. வேலை இழுபறியானபோது நீதிமன்றத்துக்குத் திரும்ப வழி இருந்தது. நீங்களும் வழக்கை வாபஸ் வாங்காதீர்கள், இறுதிச் சாம்பிள் தேறும் வரை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

"துறையின் திருப்திக்கு ஏற்பச் சுத்தம் செய்வது" என்று மட்டும் எழுதினால் அடுத்த வழக்குக்கு விதை போட்டதாக அர்த்தம். எந்தப் பொருள், எந்த எண், எந்த லேப் முறை, ஈர எடையா உலர் எடையா, எந்த ஆழம் வரை, இறுதிச் சாம்பிள் எத்தனை மீட்டர் கட்டத்தில், சராசரி தேறினால் போதுமா அல்லது ஒவ்வொரு சாம்பிளும் தேற வேண்டுமா. சராசரியா ஒவ்வொன்றுமா என்பது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் தேறாத ஒரு மூலைக்காக மறுபடி இயந்திரம் இறக்க வேண்டிவருவது அதனால்தான். நிரப்பும் மண்ணுக்கும் சோதனை உண்டு என்று எழுதுங்கள், மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி வைத்துத் திருப்பிப் போட வேண்டும் என்றும்.

இனி வழக்குப் போட மாட்டேன் என்று நிலத்துக்காரர் எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைக் கம்பெனி அகலமாகக் கேட்கும், நிலத்துக்காரர் குறுகலாகக் கேட்பார். நடுவில் நிற்கிற வடிவம்: வரைபடத்தில் காட்டிய பகுதிக்கும் பட்டியலிட்ட பொருள்களுக்கும் முழு விடுதலை, வரைபடத்துக்கு வெளியே புதிதாகக் குழியோ புதைகுழாயோ கண்டுபிடித்தால் மறுபடி திறக்கும். நிலத்தடி நீருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் பார்ப்பதற்குக் குறையாமல், உயரும் போக்கு தெரிந்தால் என்ன செய்வது என்பதும் சேர்த்து.

மண்சோதனை:

எல்லோரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உற்பத்திக் குழாயிலும் டேங்க் அடியிலும் படியும் வெள்ளைச் செதிலில் ரேடியம் இருக்கும், பூமிக்குள்ளிருந்து உப்புநீரோடு வருவது. பழைய குழாய்களை அடுக்கி வைத்துச் சுரண்டிய இடம், டேங்க் சேற்றைக் கொட்டிய இடம், இரண்டும்தான் சந்தேகத்துக்குரியவை. அமெரிக்காவில் யுரேனிய ஆலைக் கழிவுக்கு வைத்த வரம்பை எண்ணெய் நிலத்துக்கும் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள்: மேற்பரப்பின் முதல் 15 செ.மீ. மண்ணில் ரேடியம் பின்னணி அளவைவிடக் கிராமுக்கு 5 பிகோகியூரி (கதிரியக்க அலகு) வரை கூடலாம், அதற்குக் கீழே 15 பிகோகியூரி வரை.

காமா அளவியை வைத்து ஒரு மீட்டர் இடைவெளியில் நடந்து பார்க்க ஒன்றிரண்டு நாள் போதும். அதைத் தோண்டுவதற்கு முன் செய்யாவிட்டால், மண் ஏற்றிய லாரி கழிவுக் கிடங்கு வாசலில் கதிர்வீச்சு அலாரம் அடித்துத் திரும்பி வரும். அந்தச் சுமை யார் பெயரில், எங்கே நிறுத்துவது, வேறு கிடங்குக்கான கூடுதல் செலவு எஸ்க்ரோவில் இருந்தா கம்பெனியின் கையிலிருந்தா என்று நாலு வரி எழுதிவையுங்கள். கழிவு ரசீதில் உரிமையாளர் என்ற கட்டத்தில் நிலத்துக்காரர் பெயர் மட்டும் வரவே கூடாது.